நடைபாதையில் ஒரு தலைநகரம்

கோயில், கடைவீதி, பூங்கா என்று பாங்காக்கில் பயணியை இழுப்பவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி தெருவோர மனிதர்களின் உபயம். அவர்களுக்குத்தான் இடம் சுருங்கி வருகிறது.

மாலை மணி ஆறு. லும்பினி பூங்காவின் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஒலிக்கிறது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஓடிய இடத்திலேயே நிற்கிறார்கள். பந்து உதைத்த சிறுவன் நிற்கிறான். கையில் வரைபடத்துடன் வந்த வெளிநாட்டுத் தம்பதி, என்னவோ ஏதோ என்று தாங்களும் நின்றுவிடுகிறார்கள். ஏரிக்கரையில் ஊர்ந்துபோகும் உடும்பு மட்டும் எதற்கும் நிற்பதில்லை. கீதம் முடிந்ததும் நகரம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

1920களில் மன்னர் ஆறாம் ராமா அளித்த நிலத்தில் உருவான பூங்கா இது. சுமார் 140 ஏக்கர். நுழைவுக் கட்டணம் கிடையாது. பாங்காக் தரும் நல்ல பொழுதுகள் பலவற்றுக்கும் அப்படித்தான், சீட்டு வாங்க வேண்டியதில்லை.

1782இல் முதலாம் ராமா சாவ் பிரயா நதியின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தார். பாங்காக் என்பது வெளியார் வழங்கும் பெயர். உள்ளூர்க்காரர்களுக்கு இது 'குருங் தேப்', அதாவது தேவர்களின் நகரம். சம்ஸ்கிருதமும் பாலியும் கலந்த அதன் முழுப்பெயர், உலகிலேயே நீளமான ஊர்ப்பெயராகக் கருதப்படுகிறது.

நகரைப் பார்க்கச் சிறந்த வாகனம் படகு. ஆரஞ்சு நிறக் கொடி கட்டிய விரைவுப் படகில் ஏறினால் பேரரண்மனை, வாட் போ, வாட் அருண் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிடும். அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மரகத புத்தரின் உயரம் 66 செ.மீ.தான். ஆனால் கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அவருக்கு ஆடை மாற்றுவது அரச கடமை. சுற்றுப் பிராகாரத்தில் 178 சுவரோவியங்களாக ராமகியென் விரிகிறது. கம்பனில் ஊறியவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவார்கள். இந்த அனுமன் பிரம்மச்சாரி அல்ல, சீதை ராவணனின் மகள்.

அரைக்கால் சட்டைக்கும் கையில்லாத மேலாடைக்கும் அரண்மனைக்குள் அனுமதியில்லை. இன்னொரு எச்சரிக்கையும் தேவை. "இன்று அரண்மனை மூடியிருக்கிறது" என்று வாசலுக்கு முன்பே ஒருவர் அன்பாகச் சொன்னால் நம்ப வேண்டாம். அவர் கைகாட்டும் டுக்-டுக் வண்டியின் பயணம் ஏதாவதொரு ரத்தினக் கடையில்தான் முடியும்.

வாட் போவில் படுத்திருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். தாய் மசாஜின் தலைமைப் பள்ளியும் இந்தக் கோயில்தான். மூன்றாம் ராமா காலத்தில் மருத்துவ அறிவைக் கல்லில் வெட்டி இங்கே பதித்தார்கள். நோயாளிக்கும் மாணவனுக்கும் திறந்த புத்தகம். அக்கரையில் நிற்கிறது சூரியனின் தேரோட்டி பெயர் கொண்ட வாட் அருண். அதன் கோபுரம் முழுக்கச் சீனப் பீங்கான் துண்டுகள்.

நகரின் மையத்தில் ஒரு ராட்சத ஊஞ்சல் உண்டு. 1784இல் நிறுவப்பட்டது. இப்போதிருக்கும் தேக்குமரத் தூண்கள் 2007இல் மாற்றப்பட்டவை. மார்கழி, தை வாக்கில் நடந்த ஊஞ்சல் விழாவின் பெயர் 'திரியம்பவாய்'. இது திருவெம்பாவை என்பதன் திரிபு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஊஞ்சலாடுவது 1935இல் நின்றுவிட்டாலும், அருகிலுள்ள தேவஸ்தானத்தில் அரண்மனைப் பிராமணர்கள் பொருள் மறந்துபோன அந்தத் தமிழை இன்னும் ஓதுகிறார்கள்.

இனி ஷாப்பிங். சனி, ஞாயிறுகளில் சட்டுசாக் சந்தை. 15,000க்கும் மேற்பட்ட கடைகள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. சனாம் லுவாங் திடலில் கூடிய வாரச்சந்தைதான் 1982இல் இங்கே இடம்பெயர்ந்தது. பீங்கான், செடி, பழைய ஜீன்ஸ், மீன்தொட்டி என்று கிடைக்காத பொருள் இல்லை. சிரித்துக்கொண்டே பேரம் பேசுபவருக்கு விலை இறங்கும், குரலை உயர்த்துபவருக்கு இறங்காது. துணிக்குப் பாஹுரட். சீக்கியர்கள் குருத்வாரா கட்டிக் குடியேறிய அந்தக் கடைவீதியில் இந்தியில் விலை கேட்கலாம். குளிரூட்டிய பேரங்காடிகள் வேண்டுமென்றால் 1999இல் ஓடத் தொடங்கிய ஆகாய ரயில் சியாம் நிலையத்தில் வாசலிலேயே இறக்கிவிடும். புத்தர் சிலை வாங்குபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நுண்கலைத் துறையின் அனுமதியில்லாமல் அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல முடியாது.

பட்டு வாங்கப் போகிறவர்கள் ஜிம் தாம்ப்சன் வீட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாய்ப் பட்டை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன அமெரிக்கர் அவர். 1967இல் மலேசியாவில் உலாவப் போனவர் திரும்பவேயில்லை. சென் சாப் கால்வாய்க் கரையில் அவர் கட்டிய தேக்கு வீடு இன்று அருங்காட்சியகம். எதிர்க்கரைக்குப் போகிறவர்கள் குறைவு. அங்கேதான் பான் குருவா இருக்கிறது. கம்போடியாவிலிருந்து வந்த சாம் முஸ்லிம்களின் குடியிருப்பு. தாம்ப்சனுக்குப் பட்டு நெய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். விரைவுச் சாலைத் திட்டம் ஒன்று ஊரை விழுங்க வந்தபோது ஆண்டுக்கணக்கில் போராடி ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. ராட்சத ஊஞ்சலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் மஹாகான் கோட்டை. பழைய நகர மதிலின் 14 கோட்டைகளில் மிஞ்சியிருக்கும் இரண்டில் ஒன்று. அதன் பின்னால் மரவீடுகளில் ஒரு சமூகம் வாழ்ந்தது. பறவைக்கூண்டு செய்பவர்கள், பட்டாசு விற்பவர்கள், தலைமுறைகளாக அங்கேயே இருந்தவர்கள். அந்த இடத்தைப் பூங்காவாக்கி, பயணிகளுக்குக் கோட்டையை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று மாநகராட்சி விரும்பியது. 1992இல் நிலம் கையகப்படுத்த அரசாணை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். வீடுகளையே வாழும் அருங்காட்சியகமாக வைத்துக்கொள்கிறோம், பூங்காவையும் நாங்களே பராமரிக்கிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கால் நூற்றாண்டு இழுபறிக்குப் பின் 2018இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. இப்போது அங்கே வெட்டிச் சீராக்கிய புல்வெளி இருக்கிறது. மணிக்கணக்கில் நின்று பார்க்க அதில் எதுவுமில்லை.

தெருவோரக் கடைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் நடைபாதைகளை மீட்கும் வேலை மும்முரமானது. 2016இல் பாக் கிளாங் தலாட் மலர்ச்சந்தையின் நடைபாதைக் கடைகள் அகற்றப்பட்டன. 2017 ஏப்ரலில் தெருவோர உணவுக்கே தடை என்று அறிவிப்பு வந்து உலகெங்கும் கண்டனம் எழுந்தது. யாவராட்டுக்கும் காவ் சான் சாலைக்கும் விலக்கு உண்டு என்று அதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பரில் கரி அடுப்பு முன் கண்ணாடிக் கவசத்துடன் நண்டு ஆம்லெட் போடும் ஜே ஃபாயின் கடைக்கு மிஷெலின் நட்சத்திரம் கிடைத்தது.

நடைபாதை நடப்பவர்களுக்கே என்ற மாநகராட்சியின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரும் கைக்குழந்தையோடு வருபவரும் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் சாலைக்கும் நடுவே எப்படிப் போவார்கள்? ஆனால் அலுவலக ஊழியரும் கட்டுமானத் தொழிலாளியும் பேரங்காடி விலையில் மதிய உணவு சாப்பிட முடியாது என்பதும் உண்மை. பயணிக்குத் தெருவோர உணவு ஒரு சுவை. உள்ளூர்க்காரருக்கு அது சமையலறை.

இரவு பதினொரு மணிக்கு மேல் பாக் கிளாங் தலாட் போனால் இந்த நகரின் பிடிவாதம் புரியும். நடைபாதை காலியாகிவிட்டது. ஆனால் கடைகள் பக்கத்துக் கட்டடங்களுக்குள் புகுந்து, விடிய விடிய வியாபாரம் நடக்கிறது. தாமரை மொட்டுகள், சாமந்திக் குவியல்கள், மல்லிகை மொட்டை ஊசியில் கோக்கும் பெண்கள். தாய் மொழியிலும் அதற்கு 'மாலாய்' என்றுதான் பெயர். விடிந்தால் அவை கோயில்களுக்கும் டாக்சிக் கண்ணாடிகளுக்கும் போய்விடும்.

மாலை ஒன்று வாங்குபவர் சந்தைக்குப் பெரிதாக எதுவும் செய்துவிடப் போவதில்லை. ஆனால் பார்க்க வந்தது கட்டடங்களை மட்டுமல்ல என்பதற்கு அது ஒரு சின்ன அத்தாட்சி. பயணிகள் விரும்புவது புல்வெளியைத்தான் என்று இங்கே இதுவரை அவர்களைக் கேட்காமலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.