உப்புக் காற்றும் கிற்றாரும்

சிலாபக் கரையில் வாழும் எமக்கு உப்புக் காற்றின் குறும்பு புதிதன்று. ஆயினும் அது மின்கிற்றாரையும் தீண்டும் என்பதைத் தேவாலயத் திருவிழா மேடையிலேதான் உணர்ந்தோம். பைலாப் பாட்டின் நடுவே, குதிரையை அசைக்கும் பிடியை அழுத்தி விட்டதும் சுருதி விலக, தம்பி நாணி நின்றான்.

1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில், தந்திகளைத் தாங்கும் அக்குதிரை ஆறு திருகாணிகளிற் சாய்ந்தாடும். அதன் கீழே கனத்த உருக்குக் கட்டி. எம்முடையதோ மலிவான நகல். கட்டியும் துத்தநாகக் கலவை. தொனி வேண்டி, உருக்கிலே ஒன்று வருவித்துப் பொருத்தினோம். சுரம் சற்று நீண்டு ஒலித்தது, அம்மாவே வியந்தார். சுருதி மட்டும் மீண்டும் விலகிற்று! குற்றவாளிகள் துருவேறிய திருகாணிகளே. சில்லறைச் செலவில் அவற்றை மாற்றிய பின்னரே தம்பி மேடையேற இசைந்தான்.