சாலையில் கிடந்த ஆணி

தேருக்கு அச்சாணி இன்றியமையாதது. அச்சிறிய ஆணி கழன்றால் பெருந்தேரும் நின்றுவிடும். மோட்டார் வண்டியின் நிலையோ இதற்கு மாறானது. சாலையிற் கிடக்கும் சிற்றாணி ஒன்று சக்கரத்தில் ஏறினால், அதுவே வண்டியை நிறுத்திவிடும். ஆணி தனக்குரிய இடத்தில் இருப்பது நன்மை. இடம் மாறிக் கிடப்பது தீமை. இவ்வுண்மையை ஒரு சிறுவன் தெரிந்துகொண்ட வரலாறு இது.

மதுரை நகரத்து வணிகர் ஒருவர், தம் முதிய அன்னையாரையும் பள்ளியிற் பயிலும் மகனையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் விடியற்காலையில் அழகர்கோயிலுக்குப் புறப்பட்டார். தம் பழைய காரைத் தாமே ஓட்டிச் சென்றார். கடச்சனேந்தலைக் கடந்ததும் வயல்கள் விரிந்தன. வடக்கே அழகர்மலை நீலமாகத் தோன்றிற்று. அப்பொழுது வண்டி திடீரென இடப்புறம் இழுத்தது. வணிகர் பதறவில்லை. பிரேக்கை வலிந்து மிதியாமல், வேகம் தானே தணியும்வரை சக்கரத்தை நேராகப் பிடித்து, வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தினார். முன்பக்கத்து இடச்சக்கரம் காற்றிழந்து தரையோடு படிந்திருந்தது.

சக்கரத்திற்குள் காற்றை அடைத்தது ஏன்? கட்டை வண்டியில் அமர்ந்து கல்லும் பள்ளமும் கடந்தவர்க்கு அதன் காரணம் விளங்கும். காற்றடைத்த டயருக்கு 1845ஆம் ஆண்டிலேயே ஆங்கில நாட்டில் தாம்சன் என்பார் உரிமை பெற்றார். எனினும் அது பரவவில்லை. 1887ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த டன்லப் என்னும் கால்நடை மருத்துவர், தம் மகனது முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடுதற்பொருட்டு அதனை மீண்டும் படைத்தார். சுகம் வந்தது, அதனோடு பஞ்சரும் வந்தது. 1895ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மிஷலின் உடன்பிறந்தார், காற்றடைத்த டயர் பூட்டிய காரைப் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் ஓட்டியபோது, அது வழியிற் பலமுறை காற்றிழந்து நின்றது. பின்னர், 1904ஆம் ஆண்டளவில், வேல்சு நாட்டில் ஸ்டெப்னி என்னும் பெயருடைய தெருவில் இருந்தோர் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றனர். அத்தெருவின் பெயரே இன்றும் நம் நாட்டில் மாற்றுச் சக்கரத்திற்கு வழங்குகின்றது.

வணிகரும் தம் ஸ்டெப்னியை வெளியே எடுத்தார். அந்தோ! அதிலும் காற்றில்லை. பல திங்களாக அவர் அதனைப் பார்க்கவேயில்லை. உடனே அவருக்குச் சினம் மூண்டது. “எவனோ ஆணியைப் போட்டுச் சென்றிருக்கிறான்! சாலை என்ன, அவன் வீட்டுக் குப்பைமேடா?” என்று உரத்துக் கூறினார்.

அவ்வழியே பாற்குடங்களுடன் இருசக்கர வண்டியில் வந்த முதியவர் ஒருவர் நின்றார். இளமையில் பேருந்துப் பணிமனையில் உழைத்தவர் அவர். “ஐயா, சினம் பிறகு ஆகட்டும். முதலில் அம்மாவை இறக்கி மரநிழலில் அமர்த்துங்கள்” என்றார். பின்பு சிறுவனை அழைத்து, “தம்பி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வை. வண்டி உருளுமாயின் ஜாக்கி சாய்ந்துவிடும்” என்றார். வண்டியைத் தூக்குமுன்பே நட்டுகளைச் சிறிது தளர்த்தினார். “சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதுதான் நட்டு கழலும், தூக்கிவிட்டால் சக்கரமும் உடன் சுழலும். ஜாக்கியில் நிற்கும் வண்டியின் அடியில் கையோ தலையோ நுழைத்தலாகாது” என்று விளக்கினார்.

கழற்றிய சக்கரத்தையும் சிறுவனையும் ஏற்றிக்கொண்டு அவர் அப்பன் திருப்பதியில் இருந்த பஞ்சர்க் கடைக்குச் சென்றார். கடைக்காரர் டியூபைப் பிரித்துக் காற்றடித்து நீர்த்தொட்டியில் அமிழ்த்தினார். ஓரிடத்தினின்று குமிழிகள் நிரல்பட எழுந்தன. அவ்விடத்தைத் துடைத்து, அரத்தால் தேய்த்துப் பசை தடவினார். பிறகு துணியொன்றைக் கையிற் சுற்றி, டயரின் உட்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்து, அதில் தைத்திருந்த ஆணியைக் குறட்டால் பிடுங்கினார். “இதனை எடுக்காமல் ஒட்டினால், அரைநாழிகையில் மறுபடியும் பஞ்சர்தான்” என்றார். அது கட்டட வேலைப் பலகையில் அடிக்கும் ஆணி. சிறுவன் அதனைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

பசை உலரும்வரை முதியவர் பழங்கதை ஒன்று கூறினார். திருக்குறுங்குடியில் 1877ஆம் ஆண்டு பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1912ஆம் ஆண்டளவில் மதுரைச் சீமையில் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அக்காலத்துச் சாலைகளில் மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளுமே மிகுதி. அவற்றின் லாடங்களினின்று கழன்ற ஆணிகள் எங்கும் சிதறிக் கிடந்தன. பேருந்தின் டயர்களை அவை அடிக்கடி துளைத்தன. அவர் வண்டிக்காரரை வையவில்லை. காந்தம் பூட்டிய வண்டி ஒன்றைப் பேருந்துக்கு முன்னே ஓடவிட்டு, ஆணிகளைக் கவர்ந்தெடுக்கச் செய்தார் என்பர். “ஆணியைப் போட்டவன் யார் என்று தேடினால் பொழுதுதான் போகும், ஆணியை எடுத்தால் வழி கிடைக்கும்” என்று முதியவர் முடித்தார்.

இருவரும் திரும்பி வந்து சக்கரத்தைப் பூட்டினர். நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கினர். அவ்வாறு செய்தால்தான் சக்கரம் ஒருபுறம் சாயாமல் சரியாக அமரும். வண்டியை இறக்கிய பின் மீண்டும் ஒருமுறை இறுக்கினர். வணிகர் பணம் நீட்டினார். “கடைக்காரர் கூலியை மட்டும் கொடுங்கள், ஐயா. ஸ்டெப்னிக்கும் காற்றடித்து வையுங்கள்” என்று கூறி முதியவர் தம் வழியே சென்றார்.

வண்டி புறப்பட்டது. கையிலிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்த சிறுவன், “அப்பா, நம் வீட்டில் மாடி கட்டியபோது பிரித்த பலகைகள் இன்னும் தெருவோரத்தில் கிடக்கின்றனவே, அவற்றிலும் இதே ஆணிதானே?” என்றான். வணிகர் விடை கூறவில்லை. பின்னிருக்கையில் இருந்த பாட்டியார், “குழந்தை கேட்கிறானே, அப்பா” என்றார். “ஆம், அம்மா. சற்றுமுன் நான் வைதது என்னையே போலும்” என்று வணிகர் மெல்லச் சொன்னார்.

அழகரை வணங்கி வீடு திரும்பிய அன்று மாலை, தந்தையும் மகனும் பலகைகளை உள்ளே எடுத்து அடுக்கினர். பழுதான ஒலிபெருக்கியின் காந்தத்தைச் சிறுவன் ஒரு கோலிற் கட்டி, தெருப்புழுதியில் இழுத்துச் சென்றான். இருள் சூழ்வதற்குள் ஒரு சிரட்டை நிறைய ஆணிகள் சேர்ந்தன. அவற்றுள் எது எவர் வண்டியை நிறுத்தியிருக்கும், எந்த நோயாளியை வழியில் தடுத்திருக்கும் என்பதை யாரும் அறியார். தடையின்றிச் சென்றோரும் அச்சிறுவனை அறியார்.

சாலை அனைவர்க்கும் பொது. அதில் ஓர் ஆணியைக் கண்டு குனிந்து எடுப்பவன், தான் காணாத ஒருவனுக்கு உதவுகின்றான். கைம்மாறு கருதாத இவ்வுதவிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. குனியும் மனம் ஒன்றே போதும்.