தீப்பெட்டிக்குள் பொன்வண்டு

பொன்வண்டு என்றதும் சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த குட்டி வண்டைக் காட்டுபவர்கள் உண்டு. அது பொறிவண்டுங்க! அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவும் வேறு ஜாதி.

எழுமலை மாதிரி மலையடிவார ஊரில் வளர்ந்தவர்களிடம் கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள். மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளம். இரண்டு முனையும் குறுகிய படகு போன்ற உடம்பு. தலையும் கழுத்தும் பளபளக்கும் பச்சை; முதுகு மூடி செம்பழுப்பு. முதுகும் பச்சையாக, வெளிர் புள்ளிகளோடு இருப்பது அதன் பங்காளி. இரண்டும் ஸ்டெர்னோசெரா என்ற இனத்தைச் சேர்ந்தவை.

மழை பிடித்ததும் வேல மரங்களில் இலை தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கும். கிளையை உலுக்கினால் பறப்பதற்குப் பதில் காலை மடக்கிக்கொண்டு பொத்தென்று கீழே விழும். எதிரியிடமிருந்து தப்பிக்க அது கற்ற வித்தை. பையன்களிடம் மாட்டுவதும் அதனால்தான்.

அப்புறம் தீப்பெட்டி, கொஞ்சம் கொடுக்காப்புளி இலை. கழுத்தில் நூல் கட்டிப் பறக்கவிடுவதும் நடக்கும் (பாவம்தான்). இரண்டு நாளில் பெட்டிக்குள் முட்டை கிடந்தால் தெருவுக்கே செய்தி போய்விடும். குஞ்சு பொரிக்கும் என்று தினம் திறந்து பார்ப்பார்கள்...

பொரித்தாலும் பிழைக்காது. பொன்வண்டு முட்டை வைக்கவேண்டிய இடம் மண். புழு மண்ணுக்குள்ளேயே இருந்து வேரைத் தின்று வளரும். அதன் வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த இருட்டில்தான். நாம் பார்க்கும் தங்க நிற வண்டுக்குச் சில வாரங்களே ஆயுள், அதற்குள் ஜோடி சேர்ந்து முட்டை வைத்தாக வேண்டும். தீப்பெட்டியில் இடப்படும் முட்டைக்கு மண்ணும் இல்லை, வேரும் இல்லை. மரத்தை வெட்டி மண்ணைப் புரட்டிப்போட்டாலும் இதே கதிதான், அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

அந்தப் பச்சை சாயமே இல்லை என்பது இன்னொரு ஆச்சரியம். ஓட்டில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படலங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் வரும் நிறம், சோப்புக் குமிழியில் தெரிவது போல. அதனால் வண்டு செத்தாலும் வெளுக்காது. இதில் வியாபாரம் பார்க்காமல் விடுவார்களா? இந்த வகை வண்டுகளின் இறக்கை மூடிகளைத் துணியில் வைத்துத் தைத்த இந்திய வேலைப்பாடு பிரிட்டிஷ் காலத்தில் கப்பலேறியது. 1888-இல் லண்டனில் எலன் டெர்ரி என்ற நடிகை லேடி மேக்பெத்தாக மேடையேறியபோது உடுத்திய கவுனில் சுமார் 1,000 மூடிகள். அந்தக் கவுனைச் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். மூடிகள் இன்றும் பச்சையாகவே மின்னுகின்றன.