வென்ற கட்சியிடம் தோற்றுப்போகும் வாக்காளன்

தான் ஆதரிக்கும் கட்சி தேர்தலில் தோற்றுப்போகும்போது ஒரு வாக்காளனுக்கு ஏற்படும் கவலையைப் புரிந்துகொள்வது சுலபம். ஆனால், அதே கட்சி வெற்றிபெற்று வெள்ளை மாளிகையையும் காங்கிரஸின் இரு சபைகளையும் கைப்பற்றிய பின்னரும் அவன் ஆத்திரப்படுகின்றான் என்றால், அதற்கான காரணத்தைச் சற்று நின்று நிதானித்தே ஆராயவேண்டும். அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்குத் தொடர்ச்சியாக வாக்களித்துவரும் பழமைவாதிகள் பலரை 2025 ஆம் ஆண்டு கொண்டுவந்து நிறுத்திய இடம் இதுதான்.

எனது பள்ளித் தோழன் ஒருவன் அத்தகைய வாக்காளன். தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்டு, இறுதியில் டெக்சாஸ் மாநிலத்தில் குடியேறி, சிறியதொரு வியாபாரத்தைத் தனது உழைப்பினால் கட்டியெழுப்பியவன். பிரஜாவுரிமை பெற்ற பின்னர் 2004 ஆம் ஆண்டில் இருந்து எல்லாத் தேர்தல்களிலும் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்திருக்கின்றான். குடியேற்றவாசியான நீ எப்படி அந்தக் கட்சியைத் தெரிவுசெய்தாய் என்று ஒரு தடவை கேட்டேன். "கடன்படாமல் குடும்பம் நடத்து எண்டு அப்பு எனக்குச் சொன்னதைத்தான் அவங்கள் அரசாங்கத்துக்குச் சொல்லுறாங்கள் எண்டு நம்பினனான் மச்சான்" என்று பதில் வந்தது.

அந்த நம்பிக்கை சிறிது சிறிதாகக் கரைந்துபோனதை கடந்த சில வருடங்களாகத் தொலைபேசி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றேன். அவன் பேச்சுக்களைப் பொருட்படுத்துவதில்லை. வாக்கெடுப்புக்களை மாத்திரமே பார்க்கின்றான். பிரதிநிதிகள் சபையில் 1973 ஜனவரியில் இருந்து இலத்திரனியல் முறையில் வாக்குகள் பதிவாகின்றன. யார், எந்தச் சட்டமூலத்துக்கு, எப்படி வாக்களித்தார் என்பதைப் பெயருக்கு நேரே எவரும் பார்த்துக்கொள்ளலாம். மேடையில் சொன்னதை மறுக்கலாம். இதை மறுக்க இயலாது.

அவனது கணக்கு அவன் வாக்களிக்கத் தொடங்குவதற்கு முந்திய ஆண்டில் இருந்தே ஆரம்பிக்கின்றது. 2003 நவம்பர் 22 அதிகாலை மூன்று மணியளவில், முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்க்கும் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வழமையாகப் பதினைந்து நிமிடங்களில் முடிவடையவேண்டிய வாக்கெடுப்பு ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் நீடித்தது. தோல்வியின் விளிம்பில் நின்ற சட்டமூலத்தைக் காப்பாற்றுவதற்காகக் கட்சித் தலைவர்கள் தங்களது சொந்த உறுப்பினர்களை ஒவ்வொருவராக வளைத்தெடுத்தார்கள். விடியும் வேளையில் 220 - 215 என்ற கணக்கில் அது நிறைவேறியது. அதற்கான பணத்தைத் திரட்டப் புதிய வரி எதுவும் விதிக்கப்படவில்லை. ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் 2001 ஜனவரியில் பதவியேற்றபோது ஏறத்தாழ 5.7 ட்ரில்லியன் டொலர்களாக இருந்த அமெரிக்காவின் கடன் 2025 ஒக்டோபரில் 38 ட்ரில்லியனைத் தாண்டியது. ஒரு ட்ரில்லியன் என்பது ஓர் இலட்சம் கோடி.

பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி பெரும்பான்மையைக் கொண்டிருந்த 2024 மார்ச் மாதத்தில் 1.2 ட்ரில்லியன் டொலர் செலவினச் சட்டமூலம் 286 - 134 என்று நிறைவேறியது. அக்கட்சியின் உறுப்பினர்களில் 101 பேர் ஆதரிக்க 112 பேர் எதிர்த்தார்கள். அதாவது, சபையை நடத்திய கட்சியின் பெரும்பாலானவர்கள் விரும்பாத சட்டமூலம் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தயவில் நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் கொள்கைவாதிகளா என்று நண்பனிடம் கேட்டபோது அவன் சிரித்தான். சட்டமூலம் எப்படியும் நிறைவேறிவிடும் என்பதை நன்கு தெரிந்துகொண்டு 'இல்லை' என்று வாக்களிப்பதற்குத் துணிச்சல் தேவையில்லை என்பது அவனது வாதம். எதிர்ப்பு வாக்கு மெய்யானதா என்பது அது முடிவை மாற்றக்கூடிய நாளில்தான் தெரியவரும்.

அத்தகைய நாள் 2025 ஜூலையில் வந்தது. அதற்கு முன்னதாக, 2024 டிசெம்பர் 19 ஆம் திகதி கடன் உச்சவரம்பை இரு வருடங்களுக்கு இடைநிறுத்தும் ஏற்பாடு அடங்கிய சட்டமூலம் சபைக்கு வந்தபோது, அதை டொனால்ட் ட்ரம்ப் ஆதரித்திருந்த நிலையிலும், குடியரசுக் கட்சியின் 38 உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தவர்களுடன் சேர்ந்துகொண்டார்கள். நண்பன் அன்று நள்ளிரவு தாண்டியும் உறங்கவில்லையாம். ஏழு மாதங்கள்கூடக் கழியவில்லை. ட்ரம்பின் பெரிய வரிச் சட்டமூலம் கடன் உச்சவரம்பை 5 ட்ரில்லியன் டொலர்களினால் உயர்த்தியது. பத்து வருட காலத்தில் பற்றாக்குறையை அது 3.4 ட்ரில்லியன் டொலர்களினால் அதிகரிக்கும் என்று காங்கிரஸின் வரவு செலவுத் திட்ட அலுவலகம் மதிப்பிட்டிருந்தது. செனட்டில் 50 - 50 என்று சமநிலை ஏற்பட்டு, துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸின் வாக்கினால் தப்பிய அது, ஜூலை 3 ஆம் திகதி பிரதிநிதிகள் சபையில் 218 - 214 என்று நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த குடியரசுக் கட்சியினர் இருவர் மாத்திரமே. அவர்களில் கென்டக்கியின் தோமஸ் மாஸி கடனைக் காரணமாகக் கூறினார். முதல் நாள்வரை சட்டமூலத்தைக் கடுமையாக விமர்சித்த டெக்சாஸ் உறுப்பினர் சிப் ரோய் ஆதரவாக வாக்களித்தார்.

அதே மாதத்தில் வெளிநாட்டு உதவியிலும் பொது ஒலிபரப்புக்கான நிதியிலும் 9 பில்லியன் டொலர்களை வெட்டிவிட்டு அதைப் பெரும் சாதனையாகக் கொண்டாடினார்கள். "வீடு ஈட்டிலை கிடக்கு, இவங்கள் வெத்திலைக் காசை மிச்சம்பிடிச்சதெண்டு விழா எடுக்கிறாங்கள்" என்றான் நண்பன்.

ஆனால், அவனிடம் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று இருந்தது. அவனது வயோதிபத் தாயாரின் மருந்துச் செலவில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்பது அவன் கண்டிக்கின்ற அந்த 2003 ஆம் ஆண்டுச் சட்டமே. அமெரிக்க அரசாங்கத்தின் செலவினத்தில் பெரும் பங்கு சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் மருத்துவத் திட்டங்களுக்கும் செல்கின்றது. 2024 நிதியாண்டில் கடனுக்கான வட்டி பாதுகாப்புச் செலவினத்தையே விஞ்சிவிட்டது. அரசாங்கத்தைச் சுருக்கவேண்டும் என்று கேட்கும் வாக்காளர்களில் எத்தனை பேர் தங்களது வீட்டுக்கு வரும் கொடுப்பனவைச் சுருக்குவதற்குச் சம்மதிப்பார்கள்? மக்கள் பிரதிநிதிகள் இதை அறியாதவர்கள் அல்லர்.

நான் இதைக் கேட்டபோது சிறிது நேரம் அவன் எதுவும் பேசவில்லை. பிறகு, "அம்மாவின்ரை மருந்தை நிப்பாட்டச் சொல்லி நான் கேக்கேல்லை. அதுக்குக் காசு எங்கையிருந்து வருது எண்டு சொல்லிப்போட்டு வாக்குப் போடுங்கோ எண்டுதான் கேக்கிறன். வரி கூட எண்டால் கூட எண்டு சொல்லட்டும். என்ரை பிள்ளையளின்ரை பேரிலை கடன் எழுதிப்போட்டு எனக்கு வரிச்சலுகை தாறதெண்டு சொல்லவேண்டாம்" என்றான்.

அது நேர்மையான பதில் என்றே எனக்குப் படுகின்றது. 2019 டிசெம்பரில் எமது நாட்டில் பெறுமதிசேர் வரி 15 சதவீதத்தில் இருந்து 8 சதவீதத்துக்குக் குறைக்கப்பட்டபோது அதனால் அரசாங்கம் இழக்கும் வருவாயை எவ்வாறு ஈடுசெய்வது என்ற கேள்விக்கு உருப்படியான பதில் எதுவும் தரப்படவில்லை. 2022 ஏப்ரிலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை இடைநிறுத்தியது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மையே. தனது சொந்த நாணயத்தில் கடன்பெறும் அமெரிக்காவுக்கு எரிபொருள் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் அதேபோன்று வரப்போவதில்லை. ஆனால், ஊரில் உறவினர்கள் பட்ட பாட்டை நேரில் கண்டு திரும்பிய ஒருவனுக்கு கடன் என்பது வெறும் இலக்கமாகத் தெரியாது.

பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கட்சிக்குப் பாதுகாப்பானவை. எனவே, உறுப்பினர்கள் நவம்பர் தேர்தலைவிடவும் தங்களது கட்சிக்குள் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் ஆரம்பநிலைத் தேர்தலுக்கே அதிகம் அஞ்சுகின்றார்கள். கட்சித் தலைவரின் கோபம் அந்தத் தேர்தலில் அவர்களை அழித்துவிடும். கடன் அதிகரிப்பதனால் எவரும் அங்கு தோற்பதில்லை. தலைவரை எதிர்ப்பதற்கு ஒரு விலை உண்டு, வாக்குறுதியை மீறுவதற்கு விலை இல்லை என்ற நிலையில் பெரும்பாலானோர் எதைச் செய்வார்கள் என்பதற்கு 218 - 214 என்ற அந்தக் கணக்கே சாட்சி.

அந்த விலையை விதிக்கக்கூடியவர்கள் நண்பனைப் போன்ற வாக்காளர்கள் மாத்திரமே. கட்சி மாறப்போகின்றாயா என்று கேட்டேன். இல்லை என்றான். மற்றக் கட்சி கடனைப் பற்றிக் கவலைப்படுவதாகப் பாசாங்குகூடச் செய்வதில்லை என்பது அவனது அபிப்பிராயம். வீட்டில் இருந்துவிடவும் அவன் தயாரில்லை. ஆரம்பநிலைத் தேர்தலுக்கான கூட்டங்களுக்குச் சென்று, பதவியில் இருப்பவர் அளித்த வாக்குகளை அவருக்கே வாசித்துக்காட்டி விளக்கம் கேட்கப்போவதாகச் சொன்னான். ஒரு தனிமனிதன் அதனால் எதையும் மாற்றிவிடுவான் என்று நான் எண்ணவில்லை. ஆனால், தனக்குப் பிடிக்காத கட்சியின் தவறுகளைக் கணக்கு வைத்திருப்பவர்கள் எல்லா நாடுகளிலும் ஏராளம். தான் வாக்களித்த கட்சியின் கணக்கைப் பார்ப்பவர்கள்தான் எங்கும் அரிதாகிவிட்டார்கள்.