உள்ளழகு
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்பது நம் முன்னோர் மொழி. வீடு கட்டுவதில் உள்ள தொல்லையைச் சொன்ன அவர்கள், கட்டிய வீட்டுக்குள் வாழ்வதில் உள்ள நுட்பத்தைத் தனியே சொல்லவில்லை. அந்நாளில் அதற்குத் தேவையும் இருந்திராது. திண்ணையின் உயரமும் முற்றத்தின் அகலமும் கொத்தனார் கையிலும் தச்சர் கையிலும் பரம்பரையாகப் பழகிப் போயிருந்தன. இன்று வீட்டின் உட்புறத்தை அமைத்துத் தருவது ஒரு தனித் தொழில். ஆனால் உள்ளமைப்பு என்றதும் பலருடைய கண்முன் வருவது சுவர் வண்ணமும் தொங்கும் விளக்கும் பொய்க்கூரையுமே. உள்ளமைப்பு என்பது அலங்காரந்தானா? அதற்கு மேலும் ஏதேனும் உண்டா? இதுவே என் சிந்தனையைக் கிளறிய கேள்வி.

1958ஆம் ஆண்டு, இந்திய அரசின் அழைப்பின்பேரில் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்னும் அமெரிக்கத் தம்பதியர் நம் நாட்டைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை அளித்தனர். அதன் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. தாங்கள் வடிவமைத்த நாற்காலிகளால் உலகப் புகழ் பெற்ற அத்தம்பதியர், இங்கே கண்ட பொருள்களுள் எதை மிக உயர்வாகப் போற்றினார்கள் தெரியுமா? நாம் அன்றாடம் தண்ணீர் மொள்ளும் செம்பை! அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எப்படிச் சமநிலை பெற வேண்டும்? எடுப்பது ஆண் கையா, பெண் கையா, குழந்தையின் கையா? இடுப்பில் வைப்பதா, தலையில் சுமப்பதா? இப்படி அடுக்கடுக்காகக் கேள்விகள் கேட்டு, இவ்வளவுக்கும் விடையான வடிவத்தைத் தனி ஒருவர் உட்கார்ந்து வரைந்துவிடவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் திருத்தித் திருத்தி உருவாக்கினர் என்று வியந்தார்கள்.

கேள்வியில்தான் நல்ல வடிவம் பிறக்கிறது என்பதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஒலக்கூரிலிருந்து திண்டிவனம் போய் பஸ் மாறினால் புதுச்சேரி. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டே’ விடுதி இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. ஐதராபாத் நிஜாம் அரசிலிருந்து வந்த நன்கொடையின் நினைவாகவே அப்பெயர். அதன் கட்டடக் கலைஞர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட். ஆசிரமவாசிகளின் அமைதி கருதி எல்லோரும் உள்ளே போய்விட முடியாது. நானும் தெருவில் நின்றுதான் பார்த்தேன். வழக்கமான சன்னல்களே இல்லை. வெளிமுகப்பு முழுவதும் திருப்பி வைக்கக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே அழைக்கின்றன. உள்ளே அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன தள்ளுகதவுகள். சாத்தினாலும் மறைவு கிடைக்கும், காற்று நிற்காது. கைப்பிடிகளும் தாழ்களும் ஆசிரமத்தார் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்தவை என்று படித்தபோது மெய்சிலிர்த்தது. யார் வீட்டுச் செம்போ இன்று ஒரு கதவின் கைப்பிடி!

அவ்வறைகளின் மரச்சாமான்களை வடிவமைத்தவர் ஜார்ஜ் நகஷிமா என்னும் ஜப்பானிய அமெரிக்கர். 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வழியினரை முகாம்களில் அடைத்தபோது அவரும் குடும்பத்துடன் அடைபட்டார். கட்டடக் கலையில் முதுகலை பெற்ற அவர், அம்முகாமில் ஒரு தச்சரிடம் மாணவராகி மரவேலையின் நுணுக்கங்களைக் கற்றார். பின்னாளில் மரச்சாமான் கலையில் உலகம் போற்றும் பெயர் பெற்றார். பட்டம் பெற்றபின்னும் பணிவோடு கற்ற அந்த உள்ளத்தை எண்ணி எண்ணி வியக்கிறேன்.

படித்ததைச் செய்து பார்க்க எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. என் ஆயா ஒலக்கூரில் எங்கள் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறார். சென்ற ஐப்பசியில் ஓர் இரவு எழுந்து வந்தவர் படி தடுக்கி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் ‘இன்னொரு தடவை விழுந்தால் சென்னைக்கு அழைத்துப் போய்விடுவேன்’ என்று பெரியப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். ஐம்பது ஆண்டுகள் புழங்கிய வீடு. பேச்சுத் துணைக்குத் தெருவே இருக்கிறது. ஆயா அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

ஈம்ஸ் தம்பதியர் செம்பைப் பற்றிக் கேட்ட கேள்விகளை நான் ஆயாவின் அறையைப் பற்றி ஆயாவிடமே கேட்டேன். எங்கே கை ஊன்றுகிறீர்கள்? எழும்போது எந்தக் கால் முன்னே வருகிறது? இரவில் எது தெரிகிறது, எது தெரியவில்லை? “படியும் செவப்பு, தரையும் செவப்பு. எங்கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா தெரியுது” என்றார். ஒரு பிடி விளங்கிவிட்டது. படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்தோம். ஊர்த் தச்சர் பழைய மரத்தை இழைத்து, கட்டிலிலிருந்து பின்கட்டுக் கதவு வரை சுவரோரம் கைப்பிடி பொருத்தினார். நான் சொன்ன உயரத்தை அவர் ஒப்பவில்லை. ஆயாவையே நடக்கவிட்டு, கை தானாக விழும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். தாழ்ந்திருந்த கட்டிலுக்குக் கால்களில் கட்டை கொடுத்து, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியுமாறு உயர்த்தினார். சன்னலை அடைத்து நின்ற பீரோவை நகர்த்தினோம், வெளிச்சம் வந்தது. விளக்கின் சுவிட்சு கட்டிலருகே இறங்கி வந்தது. எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

பொங்கலுக்கு வந்த பெரியப்பா அந்தக் கைப்பிடியைத் தாமே பிடித்து நடந்து பார்த்தார். சென்னைப் பேச்சை எடுக்கவில்லை. ஆயா இன்றும் ஒலக்கூரில்தான் இருக்கிறார். முதுமையை எந்த மரவேலையும் தடுத்துவிடாது என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒருவர் தம் வீட்டில் தம் விருப்பப்படி இருக்கும் நாள்களை நீட்டித்துத் தர ஒரு கைப்பிடியால் இயலுமானால், அதை வெறும் அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

நண்பர்களே! நம் ஊர்களில் புதிய வீடுகள் பெருகுகின்றன. பட அட்டைகளைப் பார்த்து அறைகளை அமைக்கிறோம். காற்று வரும் சன்னலை அடைத்துவிட்டு மின்சாரத்தால் குளிர்விக்கிறோம். அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தச்சர் இழைத்த கைப்பிடி அழகாகவே இருக்கிறது. ஆனால் அந்த அறையில் வாழப்போகிறவரைக் கேட்டபின் வரும் அழகே நிலைக்கும்.

பட்டம் பெற்றபின் இத்தொழிலை முறையாகக் கற்க விரும்புகிறேன். வரலாறு படித்ததும் வீண்போகாது. மனிதர் எப்படி வாழ்ந்தனர் என்று கேட்பது வரலாறு. எப்படி வாழ விரும்புகிறீர்கள் என்று அவர்களையே கேட்பது உள்ளமைப்பு.