வழிப்போக்கரும் லாரிக் கேபினும்

இரவுப் பணி முடிந்து ஒரகடம் கூட்டுச்சாலையில் நிற்கும் மணிமங்கலத்தார் லாரிகளை நோக்கிக் கைகாட்டுவது நாம் நன்கறிந்த காட்சி. பேருந்து போயிருக்கும், ஷேர் ஆட்டோவும் இராது. புதிய கார்களைச் சுமந்து செல்லும் டிரெய்லர்களும் கண்டெய்னர் லாரிகளும் மட்டும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஓய்வதில்லை. நாமும் அவ்வாறு ஏறி வந்தவர்களே. ஓட்டுநர் வடமாநிலத்தவராயின் மொழி புரியாது. "படப்பை" என்னும் ஒரு சொல்லே போதும். பணம் நீட்டினால் பலர் வாங்குவதில்லை.

தேவைக்கு மிகுதியான வாகனம் வைத்திருப்பவர் அது இல்லாதவருக்குக் கொடுத்து உதவவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது கூறியதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவித்துள்ளார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. ஜகாத் பெற உரிய எட்டு வகையினருள் வழிப்போக்கரும் ஒருவர். ஆகவே ஏற்றிக்கொள்பவரின் நன்மையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர் தலைமேல் ஏறும் சுமையைப் பற்றி யார் பேசுகிறார்?

சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏறிச் செல்பவருக்கு, வாகனத்தின் கட்டாயக் காப்பீடு பொருந்தாது என உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால், சரக்குக்கு உரியவரோ அவருடைய பிரதிநிதியோ உடன் சென்றால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கைகாட்டி ஏறிய நமக்கு இல்லை. விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு ஓட்டுநர்மீதும் உரிமையாளர்மீதும் விழும். நம்மீது இரங்கி வண்டியை நிறுத்தியவரே அதற்கு விலை கொடுக்க நேரிடும்!

2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் இதன் கொடிய வடிவத்தை நாடே கண்டது. மஹாராஷ்டிராவிலிருந்து லக்னோ நோக்கிச் சென்ற 18 பேர், கான்கிரீட் கலவை லாரியின் உருளைக்குள் ஒடுங்கியிருந்ததை மே மாதத் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசக் காவலர்கள் கண்டுபிடித்தனர். அதே மாதம் 16-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் ஔரையாவில், லாரியில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் 20-க்கும் மேற்பட்டோர் விபத்தில் மாண்டனர். நடந்தே செல்வதா, சரக்கோடு சரக்காகச் செல்வதா என்னும் இரண்டே வழிகள் அவர்களுக்கு இருந்தன. அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒரகடத்திலிருந்து மணிமங்கலம் அத்தனை தொலைவன்று. காலியான பின்னிருக்கையோடு அதே நேரத்தில் ஊர் திரும்பும் பைக்குகள் நம்மிடம் எத்தனையோ உள்ளன. பணிநேரம் ஒத்துவரும் சகோதரர்கள் சிலர் இப்போது பேசிவைத்து ஒன்றாகத் திரும்புகின்றனர். வண்டியில் இரண்டாவது ஹெல்மெட்டும் தொங்குகிறது. எவரும் வாய்க்காத இரவுகளில் லாரிதான். அப்போதும் சரக்கின்மேல் ஏறுவதில்லை, கேபினில் இடமிருந்தால் மட்டுமே. ஓட்டுநர் தயங்கினால் மறுமுறை கேட்பதில்லை.