அம்மாவின் கறைப்பல்லும் என் 23-வது டிரையலும்

"ஏன் கண்ணு, நீ பேஸ்ட் கம்பெனியிலதான வேலை பாக்குற? உங்கம்மா பல்லு மட்டும் ஏன் இப்படியே இருக்குது?"

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே சந்தேகம். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குத் தெரிந்து அம்மா அப்படித்தான் சிரிப்பார். கல்யாண போட்டோவிலும் வாய் மூடித்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் தர்மபுரி மாவட்டத்தில், பென்னாகரம் பக்கம். அங்கே கறைப்பல் என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. நிலத்தடிப் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து கிணற்றிலும் போர்வெல்லிலும் கலந்துவிடும். பால்பல் விழுந்து முளைக்கப்போகும் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால், பல்லின் எனாமல் உருவாகும்போதே கெட்டுவிடும். முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு மஞ்சள், அதன் பிறகு வெல்லப்பாகு நிறம். எங்கள் ஊர்ப் பெண்களை வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் "பொண்ணு கொஞ்சம் சிரிக்கட்டும்" என்பார்கள். அதற்கு அர்த்தம் எங்களுக்குத் தெரியும்.

2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பிறந்த என் அக்கா பையனுக்குப் பல் நல்ல வெள்ளை. எனக்கு முன்பல் இரண்டில் பழுப்புக் கோடு. அம்மாவுக்கு எல்லாப் பல்லும்.

அந்தக் கறையை எடுக்க அம்மா செய்யாத வைத்தியம் இல்லை. செங்கல் பொடி, அடுப்புச் சாம்பல், கரித்தூளோடு கல்லுப்பு. தினமும் விடிகாலையில் ஆட்டுக்கல் பக்கம் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் பரபரவென்று தேய்க்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. முப்பது வருஷம் தேய்த்தார். கறை போகவில்லை, எப்படிப் போகும்? அது மேலே படிந்த அழுக்கு கிடையாதே, பல்லுக்குள்ளேயே ஊறிப்போன நிறம். போனது வேறு. ஈறு மேலே ஏறிவிட்டது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் நகத்தை வைத்தால் தங்கும் அளவுக்குப் பள்ளம். சித்திரை வெயிலில்கூட பானைத் தண்ணீரில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றித்தான் குடிப்பார். மாம்பழம் நறுக்கி எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் கொட்டையைக்கூடத் தொடமாட்டார். பல் கூச்சம்.

நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஓசூர் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் 11 வருஷமாக இருக்கிறேன். நாங்கள் வேறு வேறு பிராண்டுகளுக்கு டூத்பேஸ்ட் செய்து கொடுப்பவர்கள். ட்யூபில் எங்கள் பெயர் பொடி எழுத்தில் இருக்கும், யாரும் படிக்கமாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் வந்து, "பல் கூச்சம் இருக்கறவங்களுக்கு வொயிட்டனிங் பேஸ்ட் வேணும்" என்றார். எங்கள் மேனேஜர் சார் உடனே சரி என்றுவிட்டார். எனக்குத்தான் தலை சுற்றியது. பல்லை வெளுக்க வைப்பதும் கூச்சத்தைக் குறைப்பதும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் இழுக்கிற வேலைகள்.

ஏன் என்று சொல்கிறேன். பல்லின் மேல் ஓடு எனாமல். நம் உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். அதற்குள்ளே டென்டின். வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் சின்னச் சின்ன அறைகள் தெரியுமே, அதுபோல டென்டின் முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள். உள்ளே திரவம். ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ அந்தக் குழாய்களின் வாய் திறந்துவிட்டால், சில்லென்று எது பட்டாலும் திரவம் அசையும். நரம்பு 'சுரீர்' என்று சொல்லும். அதுதான் கூச்சம். வொயிட்டனிங் பேஸ்ட் என்று விற்பவற்றில் பல, கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்து மேற்கறையை எடுப்பவை. அந்தத் தேய்ப்பு, திறந்து கிடக்கும் டென்டினுக்கு ஆகாது. இன்னொரு வழி பெராக்சைடு. அது உள்ளே போய் நிறத்தையே மாற்றும், ஆனால் கூச்சத்தையும் கிளப்பும். பல் மருத்துவர் பார்த்துப் பக்குவமாகச் செய்யவேண்டிய வேலை அது. எங்கள் பேஸ்ட்டில் வேண்டாம் என்று முதல் நாளே அடித்துவிட்டேன்.

முதலில் தேய்க்கும் தூள். மலிவு பேஸ்ட்களில் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல் மாவு. நாங்கள் ஹைட்ரேட்டட் சிலிகாவுக்கு மாறினோம். சிலிகாவிலேயே பல ரகம். கோலமாவில் மொரமொரவென்று ஒன்றும் நைசாக ஒன்றும் இருப்பதுபோல. எந்த ரகம் எவ்வளவு டென்டினைத் தேய்க்கும் என்பதற்கு ஆர்.டி.ஏ. என்று ஓர் அளவு உண்டு. பிடுங்கிய பல்லின் டென்டினில் கதிரியக்கம் ஏற்றி, பேஸ்ட் கரைசலில் இயந்திர பிரஷ்ஷால் தேய்த்து, கரைசலில் எவ்வளவு கதிரியக்கம் வந்து சேர்ந்தது என்று பார்ப்பார்கள். ஒப்பிட வைத்திருக்கும் தூளுக்கு மதிப்பு 100. சர்வதேசத் தரத்தின்படி 250 வரை அனுமதி. எங்கள் இலக்கு 75-க்குக் கீழே. அந்த டெஸ்ட் செய்ய எங்களிடம் வசதி கிடையாது. வெளி லேபுக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுபோல காத்திருப்பேன்.

அம்மாவின் செங்கல் பொடியை எந்த லேபும் அளந்திருக்காது.

இப்போது கரி பேஸ்ட் ஃபேஷனாகத் திரும்பி வந்திருக்கிறது, கறுப்பு ட்யூபில். கரி பல்லை வெளுக்கும், பாதுகாப்பானது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆட்டுக்கல் ஞாபகம்தான் வந்தது.

அடுத்தது கூச்சத்துக்கான மருந்து. பொட்டாசியம் நைட்ரேட், 5 சதவிகிதம். பொட்டாசியம் நரம்பை அமைதிப்படுத்தும். ஒரு நாளில் நடக்காது, விடாமல் தேய்த்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும். போனில் அம்மாவிடம் இதற்குத் தமிழில் வெடியுப்பு என்று பெயர் என்றேன். "வாய்க்குள்ள பட்டாசு போடப் போறியா?" என்றார்.

பட்டாசு வெடித்தது என் மிக்ஸரில்தான். பேஸ்ட்டைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது ஒரு பிசின். நாங்கள் வழக்கமாகப் போடும் சி.எம்.சி. பிசினுக்கு உப்பு கூடினால் பிடிக்காது. ஒன்பதாவது டிரையலை 40 டிகிரி அறையில் வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்து ட்யூபைப் பிதுக்கினால், முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி. சாந்தன் பிசினைக் கூட்டியபோது நின்றது. ஆனால் கையில் எடுத்தால் வெண்டைக்காய் விழுதுபோல இழுத்தது. இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்று கண்டுபிடிக்கவே மூன்று மாதம்.

பிறகு நுரை. பெரும்பாலான பேஸ்ட்டில் நுரை தருவது எஸ்.எல்.எஸ். எனப்படும் சோடியம் லாரில் சல்ஃபேட். பல் தேய்த்தவுடன் காபி குடித்தால் கசக்கிறதே, அதற்கு முக்கியக் காரணம் இவர்தான். சிலருக்கு வாய்ப்புண்ணையும் கிளறிவிடும். ஈறு புண்ணானவர்களுக்கான பேஸ்ட்டில் இது எதற்கு என்று எடுத்துவிட்டு, தேங்காய் எண்ணெயிலிருந்து வரும் பீட்டெய்ன் வகையைப் போட்டேன். பேக்கிங் பிரிவு அக்காக்களிடம் கொடுத்துத் தேய்க்கச் சொன்னால், "நுரையே இல்ல மேடம், பல்லு தேச்ச மாதிரியே இல்ல" என்று முகம் சுளித்தார்கள். நுரைக்கும் சுத்தத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் நாக்கு கேட்காது. புதினா காரத்தைப் பாதியாகக் குறைத்தேன். அதற்கும் புகார்.

மேற்கறையைத் தேய்க்காமல் எடுக்க, டீக்கறையை இளக்கிவிடும் பாஸ்பேட் உப்பு ஒன்றைச் சேர்த்தோம். அளவு கூடியபோது இரண்டு பேருக்கு ஈறு எரிந்தது. பாதியாக்கினோம். கடைசியாக ஒரு துளி நீல நிறமி. அப்பாவின் வெள்ளை வேட்டிக்கு அம்மா சொட்டு நீலம் போடுவாரே, அதே தந்திரம்தான். நீலம் லேசாகப் படிந்தால் மஞ்சள் கண்ணுக்கு மட்டுப்படும். கண்ணை ஏமாற்றுவது என்று சொல்லலாம். பல்லைச் சுரண்டுவதைவிடக் கண்ணை ஏமாற்றுவது எனக்குச் சம்மதம்.

23-வது டிரையல் நின்றது. ஆர்.டி.ஏ. நினைத்ததற்குக் கீழேயே வந்தது. அன்று லேபில் எல்லோருக்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தேன்.

சண்டை அதற்குப் பிறகுதான். அட்டை டிசைன் வந்தது: '7 நாளில் முத்துப்போல் வெண்மை, கூச்சம் போயே போச்சு.' ஏழு நாளில் இரண்டும் நடக்காது என்றேன். "எல்லாரும் இப்படித்தாம்மா போடறாங்க. படிக்கறவங்களுக்குத் தெரியும்" என்றார் வாடிக்கையாளர்.

எனக்குக் கோபம் வரும் என்று நானே நினைக்கவில்லை. "சார், எங்க ஊர்ல கறைப்பல்லோட ஒரு பொண்ணு இதை வாங்குவா. ஏழு நாள்ல போகலைன்னா, நாமதான் சரியா தேய்க்கலைன்னு நினைச்சு எட்டாவது நாள் அழுத்தித் தேய்ப்பா. எங்கம்மா அப்படித்தான் தேய்ச்சாங்க" என்றேன். அறையில் யாரும் பேசவில்லை. நானும் என் பழுப்புக் கோடு தெரியத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பாதியில்தான் உறைத்தது.

முழுதாக ஜெயித்தேன் என்று சொல்லமாட்டேன். '7 நாள்' போனது. 'மேற்புறக் கறைகளை நீக்க உதவும்' என்று வந்தது. பின்பக்கம், 'பிறவியிலோ ஃப்ளோரைடாலோ ஏற்பட்ட கறைக்குப் பல் மருத்துவரை அணுகவும்' என்ற வரிக்கு இடம் கிடைத்தது. 'வெண்மை' என்ற சொல் மட்டும் ட்யூபின் பாதியை அடைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறது.

முதல் பெட்டியிலிருந்து நான்கு ட்யூப் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அம்மா ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது.

"அம்மா, இதுல உன் கறை போகாது. பல் டாக்டர்கிட்டதான் அதுக்கு வழி இருக்கு. கூச்சம் குறையும், ஒரு மாசம் விடாம தேய்க்கணும். மெதுவா. மெத்து பிரஷ்ல."

"தெரியும்" என்றார் அம்மா.

"என்ன தெரியும்?"

"போகாதுன்னு. உன் பல்லுலயே போகலையே."

பிறகு, "இதுலயும் அந்த ஃப்ளோரைடு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது, நம் நாட்டு விதிப்படி 1000 பி.பி.எம்-க்குள் என்றேன். பல் முளைத்து முடிந்த பெரியவர்கள் தேய்த்துத் துப்பினால் சொத்தை வராமல் காக்கும், விழுங்கிவிடும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அடுத்த நாள் பென்னாகரத்தில் பல் மருத்துவரிடமும் கூட்டிப்போனேன். ஈறோரப் பள்ளங்களில் ஆழமான இரண்டை அடைக்க வேண்டும் என்றார். அதைப் பேஸ்ட்டால் செய்ய முடியாது. அடைத்தோம். கறைக்கும் வழி சொன்னார். "அறுபது வயசுல யாருக்குக் காட்டறதுக்கு?" என்று அம்மா எழுந்துவிட்டார்.

ஆறு வாரம் கழித்து போன் செய்தார். இன்னும் இரண்டு ட்யூப் வேண்டுமாம், பக்கத்து வீட்டு அத்தைக்கு.

"அவ வெள்ளைக்காகத்தான் கேக்கறா. நான் சொல்லிட்டேன், அது வராது, கூச்சத்துக்கு மட்டும்தான்னு. சரி, குடுன்னுட்டா."

பேசும்போது நடுநடுவே ஏதோ சப்பும் சத்தம். என்னம்மா சாப்பிடற என்றேன்.

"மாங்கொட்டை" என்றார். "வை, அப்புறம் பேசறேன். கையெல்லாம் வழியுது."